கணீர் என்று ஒலிக்காத கரி

மே 9
தடைக்காலம், விசைப்படகெல்லாம் ஜூன் 14 வரை சும்மா நிற்கின்றன, அப்பா வலை பின்னுகிறார். எனக்கும் ஆய்வகத்தில் இரண்டு நாள் விடுப்பு. சாயல்குடிப் பக்கம் மாமா போடும் கரிமூட்டத்துக்குப் போய் ஒரு சாக்குக் கரி கேட்டேன். இரண்டு துண்டை எடுத்துத் தட்டிக் காட்டினார், கணீர் என்று சத்தம். "நல்லா வெந்ததுத்தா, எடுத்துட்டுப் போ, காசெல்லாம் வேணாம்."

மே 14
எதற்குக் கரி என்று அப்பா கேட்டார். அப்பத்தா முழங்காலுக்குத் தேய்க்கிற புன்னை எண்ணெயை டீசலாக்கப் பார்க்கிறேன். வழக்கமாக எண்ணெயில் மெத்தனாலும் கொஞ்சம் காரமும் சேர்ப்பார்கள். ஆனால் புன்னையில் தனிக் கொழுப்பு அமிலம் அதிகம், காரம் பட்டதும் சோப்பாகிவிடும் (போன மாதம் ஒரு குடுவை நிறைய சோப்பு). அந்தக் கொழுப்பு அமிலத்தை மெத்தனாலோடு சேரவைத்துக் குறைக்க முதலில் கந்தக அமிலம் ஊற்றலாம், ஆனால் அது எண்ணெயோடேயே நிற்கும், கழுவி மாளாது. அதையே கரியின் மேல் ஒட்டவைத்துவிட்டால், வேலை முடிந்ததும் வடிகட்டி எடுத்துவிடலாம். 2005இல் ஜப்பானில் சர்க்கரையைக் கருக்கி இதைச் செய்து காட்டினார்கள். சர்க்கரை எதற்கு, இங்கே சீமைக்கருவேலங்கரி மலையாய்க் கிடக்கிறதே என்பது என் கணக்கு.
"சரி, படகுக்கு எப்ப ஊத்தலாம்?" என்றார் அப்பா.

மே 20
கணக்கு தப்பு. அடர் கந்தக அமிலத்தில் 150 டிகிரியில் 10 மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்த தண்ணீரில் கொட்டி, அப்புறம் கழுவின தண்ணீரில் பேரியம் குளோரைடு விட்டால் வெள்ளையாகத் திரள்வது நிற்கும் வரைக்கும் (திரண்டால் அமிலம் இன்னும் மிச்சமிருக்கிறது) வெந்நீரில் கழுவினேன், 11 தடவை, கை ஓய்ந்துவிட்டது. எண்ணெயின் அமில எண் (அதில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதன் அளவு) 38. மெத்தனாலோடு 65 டிகிரியில் 6 மணி நேரம் ஓட்டின பிறகு 34. காரம் போட வேண்டுமானால் 2க்குக் கீழே இறங்க வேண்டும்.
நல்லா வெந்ததுதான் கோளாறு. சூடு ஏற ஏறக் கரியின் அடுக்குகள் பெரிதாகி இறுகிவிடும், சல்ஃபோனிக் தொகுதிகள் (கந்தக அமிலத்திலிருந்து கரியில் ஏற வேண்டிய அமிலத் துணுக்குகள்) ஒட்டுவதற்கு ஓரமே மிஞ்சாது. சர்க்கரைக்காரர்கள் 400 டிகிரிவாக்கில் நிறுத்தியது அதனால்தான். படித்திருந்தும் மாமா தட்டின சத்தத்தில் மயங்கிவிட்டேன்.

மே 24
வேகாத கரி வேணும் என்றதும் மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "அரைவேக்காட்டைக் கொண்டுபோய் எம் பேரைக் கெடுக்காதத்தா." மறு மூட்டத்துக்கென்று ஒதுக்கியிருந்த ஓரத்துக் கட்டைகளைக் கொடுத்தார். பஸ்ஸில் அதற்கும் லக்கேஜ் டிக்கெட்.

ஜூன் 2
38லிருந்து 7! ஆனால் அதே கரியை மறுபடி போட்டால் 19, மெத்தனால் டீத்தண்ணி நிறம். பழுப்பாக இருந்ததையும் சேர்த்து அரைத்தது என் முட்டாள்தனம், ரொம்ப வேகாத பகுதி அமிலத் தொகுதியோடு சேர்ந்து கரைந்து போய்விடுகிறது. இன்று அரிவாளால் பழுப்பையெல்லாம் செதுக்கிவிட்டு, தட்டினால் 'டொக்' என்று மந்தமாகக் கேட்கிற கறுப்பை மட்டும் எடுத்தேன்.

ஜூன் 9
டொக் கரி: முதல் தடவை 8, அப்புறம் 10, மூன்றாவது 13. தேய்கிறது, ஆனால் ஒரேயடியாகச் செத்துப்போகவில்லை. 8க்குக் கீழே இறங்காததற்குக் காரணம் வினையில் உண்டாகும் தண்ணீர். அதை மெத்தனாலோடு சேர்த்து ஆவியாக்கி, புது மெத்தனால் ஊற்றி, இன்னொரு சுற்று ஓட்டினேன்: 1.8. பிறகுதான் காரம். ராத்திரி பிரிபுனலில் கீழே கிளிசரின், மேலே தேன் நிறத்தில் டீசல், நடுவில் சோப்புத் திரை கொஞ்சமும் இல்லை, அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
மொத்தம் 300 மில்லி. போட்டோ அனுப்பினதற்கு அப்பா, "இது எஞ்சினு வாயக் கொப்புளிக்கக் கூடக் காணாது" என்றார்.

ஜூன் 11
அடுத்த மூட்டத்தில் ஓரத்துக் கட்டையை எனக்காக முன்னமே பிரித்து எடுக்கச் சொன்னேன். இந்தத் தடவை மாமா சாக்குக்கு விலை சொல்கிறார். "நல்லா வேக வேண்டியதப் பாதியில கெடுக்கச் சொல்ற, அதுக்குக் காசு தரணும்ல?"