அட்டையின் பின்பக்கம்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், வரும் வருஷத்துக்கான வாக்காகத் தட்டிலிருந்து சீட்டுப்போல எடுத்துப்போகிற பைபிள் வசன அட்டைதான் வாக்குத்தத்த அட்டை. அதற்கு வசனம் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு முதலில் இடிப்பது இடம்தான். மூன்றரைக்கு இரண்டேகால் அங்குல அட்டை. பெரியவர்களும் வாசிக்கிற அளவில் எழுத்து வைத்தால் பத்துப் பன்னிரண்டு வார்த்தைக்கு மேல் நிற்காது. அதனால் வசனத்தை நறுக்குகிறோம். 2 இராஜாக்கள் 20:5இல் “உன் கண்ணீரைக் கண்டேன், இதோ, நான் உன்னைக் குணமாக்குவேன்” என்ற பாகம் அட்டையில் ஏறும். அது சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஏசாயா தீர்க்கதரிசி கொண்டுபோன செய்தி என்பது ஏறாது. அடுத்த வசனத்தில் ஆயுசு இன்னும் 15 வருஷம் என்று கணக்குச் சொல்லியிருப்பதும், அதற்கடுத்ததில் அவருடைய பிளவைக் கட்டியின்மேல் அத்திப்பழத்து அடை வைத்ததும் ஏறாது.

அந்த வசனம் போன வீட்டில் கணவருக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. வாரம் 3 நாள், தடவைக்கு 4 மணி நேரம். வருஷம் பாதி தாண்டுவதற்குள் அவர் போய்விட்டார். சந்தாவைத் தன் பெயருக்கு மாற்ற சபை அலுவலகத்துக்கு வந்த அவர் மனைவி, பைபிளுக்குள்ளிருந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இதை என்ன பண்றதுங்கய்யா? குப்பையில போட மனசு வரல.”

“வெச்சிருங்கம்மா. வசனம் பொய்யில்ல. அது எசேக்கியாவுக்குச் சொன்னது.”

“அப்படின்னா அன்னைக்கு ராத்திரியே சொல்லியிருக்கலாமேய்யா.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்றுவரை விடமாட்டேன் என்கிறது.

நான் சொன்னதில் தப்பில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். யார், யாருக்கு, எப்போது சொன்னது என்று கேட்காமல் வேதத்தை வாசிக்கவே கூடாது. எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்கிற எரேமியா 29:11 இல்லாத டிசம்பர் 31 கிடையாது. அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. அது கையில் கிடைத்த மூப்பர்களில் ஊர் திரும்பியவர்கள் அநேகமாக யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குத்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று எழுதினார். யோபு 8:7 இன்னும் கஷ்டம். “உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்” என்பதைக் கடைத் திறப்புக்கும் போடுகிறோம், கல்யாணப் பத்திரிகையிலும் போடுகிறோம். பேசுகிறவன் யோபுவின் நண்பன் பில்தாத். மூன்று வசனத்துக்கு முன்னால்தான், பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனிடம், அவர்கள் பாவத்தினால் செத்தார்கள் என்கிற அர்த்தத்தில் பேசியிருக்கிறான். நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தர் கடைசியில் கடிந்துகொண்டவர்களில் அவனும் ஒருவன்.

இதெல்லாம் சரி. ஆனால் அந்த அம்மா எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார்: “ஊசி குத்தும்போதெல்லாம் இதைத்தான் கையில வெச்சிருந்தாரு.” டயாலிசிஸுக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டு தடித்த ஊசி. அட்டையின் பின்பக்கத்தில் ‘எசேக்கியாவுக்கு’ என்று அச்சடித்திருந்தால் அதை அவர் அப்படிப் பிடித்திருப்பாரா? பிடித்திருப்பார் என்று ஒரு நாள் தோன்றும். எசேக்கியாவின் கண்ணீரைக் கண்டவர் என் கண்ணீரையும் காண்கிறார் என்று சொல்ல எல்லா விசுவாசிக்கும் உரிமை உண்டு. இன்னொரு நாள், அந்த நாலு மணி நேரத்தில் அவருக்கு இருந்த ஒரே பிடியை இலக்கணம் சொல்லிப் பிடுங்கியிருப்போம் என்று தோன்றும்.

சீட்டு முறையே தப்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது முழுக்கச் சம்மதமில்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் ஊரின் மொராவியர் என்ற கிறிஸ்தவ சபையார் 1731 முதல் தினவசனப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். அதில் பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அதற்கு இணையான புதிய ஏற்பாட்டு வசனத்தை ஒரு மனிதர் உட்கார்ந்து தேடிச் சேர்க்கிறார். நம் தட்டில் அந்த இரண்டாவது கை இல்லை. சீட்டு விழுகிற இடத்தில் அப்படியே விட்டுவிடுகிறோம்.

அச்சு வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். 12க்கு 18 தாளில் 25 அட்டை பிடிக்கும். 600 அட்டைக்கு 24 தாள். நான்கு மாஸ்டர், அதாவது அச்சுக்கான மூலத்தாள், போட்டால் 100 வசனம், ஒவ்வொன்றும் 6 அட்டை. பெங்களூரு சுல்தான்பேட்டில் வெட்டி வரும்போது ஒரே வசனம் ஒரே கட்டாக வரும். நன்றாகக் கலைக்காவிட்டால் ஒரு பெஞ்சு முழுக்க ஒரே வாக்குத்தத்தம் போகும். அங்கே கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற (டிடிபி) தம்பிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. யூனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பு இடம் மாறினாலும் அவர் கண்ணில் படாது. “கைவிடுவதுமில்லை” என்பதில் ‘மில்லை’ மட்டும் கடைசி வரிக்கு இறங்கி, ஓரம் கொடுக்காமல் வெட்டினால் வாக்குத்தத்தமே தலைகீழாகிவிடும். ப்ரூஃபை நாம்தான் வரி வரியாகப் பார்க்க வேண்டும். இவ்வளவு கவனமும் எழுத்துக்குத்தான். யார் கைக்குப் போகிறது என்பதற்கு ஒரு ப்ரூஃபும் கிடையாது.

பின்பக்கம் இரண்டு வரி போடலாம் என்று கமிட்டியில் கேட்டேன். இரண்டு பக்க அச்சுக்குச் செலவு கூடும், எட்டு பாயின்ட் எழுத்தை யார் வாசிப்பார்கள் என்றார்கள். அதுவும் உண்மைதான். அப்படியானால் நூறில் பத்து வசனம் புலம்பலாக வருகிற பகுதிகளிலிருந்து எடுக்கலாம் என்றேன். 150 சங்கீதத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் புலம்பல் இருக்கிறது, நம் தட்டில் ஒன்றுகூட இல்லை. மூத்த அங்கத்தினர் ஒருவர் கேட்டார்: “வருஷம் பொறக்கும்போது வீட்டுக்கு இதையா தம்பி கொடுத்தனுப்புவீங்க?” ஜனவரி முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனையில் அதே வாயால்தானே, பாடுபட வையும், வெறுமையாக்கும் என்று ஜெபிக்கிறோம் என்றேன். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி 1755இல் ஆரம்பித்த ஆராதனை அது. நம் சபைக்குப் புதிதல்ல. “அது எல்லாரும் சேர்ந்து சொல்றது. இது தனியா வீட்டுக்குப் போறது” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் நான்கு வசனத்துக்குச் சம்மதித்தார்கள், மொத்தம் 24 அட்டை. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” ஒன்று. “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” ஒன்று. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை நீக்கச்சொல்லி மூன்று தரம் கேட்டும் அது நீங்காமல், அதற்குப் பதிலாகக் கிடைத்த “என் கிருபை உனக்குப்போதும்” ஒன்று. ரோமர் 8இல் “காணப்படுகிறதை நம்புகிறது நம்பிக்கையல்ல” ஒன்று. குணமாக்குவேன் என்ற வசனமும் பட்டியலில் இருக்கிறது. அதை நீக்க எனக்கு மனம் வரவில்லை, ஊசி குத்தின அந்தக் கையை நினைத்துத்தான்.

சங்கீதம் 88 இல்லை. இருளிலேயே முடிகிற சங்கீதம் அது, முடிவில் விடியல் என்று ஒரு வரிகூடக் கிடையாது. கமிட்டி அதை மறுக்கவில்லை; நானே எழுதிக் கொடுக்கவில்லை. பிரசவத்துக்குக் காத்திருக்கிற வீட்டில் அது போய் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். அது அக்கறைதானா, இல்லை அந்தப் பெரியவர் கேட்டதையேதான் நானும் வேறு வார்த்தையில் கேட்கிறேனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.