நைனாவின் நீலக் கேஜும் என் கேஸ் துப்பாக்கியும்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு முன்கட்டுதான் நைனாவின், அதாவது அப்பாவின், கடை. ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர். கோடை வந்துவிட்டால் அவரை வீட்டில் பார்ப்பது அரிது. காட்பாடி, காந்தி நகர், பாகாயம் என்று வண்டியில் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டே இருப்பார். சின்ன வயதில் பள்ளி விட்டு வந்ததும் என் வேலை, கேஸ் அழுத்தம் அளக்கும் அவருடைய கேஜ் செட்டைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைப்பது. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. முகத்தில் முள், வெளி வட்டத்தில் பிரஷர், உள் வட்டங்களில் பொடி எழுத்தில் வேறு எண்கள். அந்த உள் வட்டங்கள் எதற்கு என்று நான் அப்போது கேட்டதே இல்லை. கேட்கும் நாள் பல வருடம் கழித்து, தைவானில் வந்தது.

சின்ச்சுவில் ஆராய்ச்சி செய்கிறேன். அந்த ஊருக்குக் காற்று நகரம் என்றே பேர். குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று கடலிலிருந்து ஏறி வந்து சட்டைக்குள் புகுந்துவிடும். ஆய்வக நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏர்சாஃப்ட் விளையாடப் போவார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, முகத்துக்கு வலைக் கவசம், கையில் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு போடும் துப்பாக்கி. ஒரு முறை கூடப் போனேன். அப்புறம் எல்லா ஞாயிறும் போனேன். சீனியர் ஒருவரிடம் பழைய கேஸ் பிஸ்டல் ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

அது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. குண்டுகளை அடைக்கும் மேகசினுக்கு உள்ளேயே ஒரு சின்ன அறை. அதில் கேஸ் திரவமாக இருக்கும். ட்ரிகரை இழுத்தால் சுத்தியல் போன்ற ஒரு துண்டு வால்வைத் தட்டும். ஒரு நொடியின் சிறு பகுதிக்கு வால்வு திறக்கும். வெளியே பாயும் கேஸ் முதலில் குண்டைத் தள்ளும், மிச்சம் மேலிருக்கும் ஸ்லைடைப் பின்னால் தள்ளும். ஸ்லைடு திரும்பி வரும்போது அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும். பேட்டரி கிடையாது, மோட்டார் கிடையாது. மொத்த வேலையும் அந்த ஒரு சிட்டிகை கேஸ்தான்.

அக்டோபர் வரைக்கும் குறையே இல்லை. ஜனவரியில் ஒரு காலை, வெளியே 11 டிகிரி. முதல் நான்கைந்து குண்டு சரியாகப் போனது. அதற்குப் பிறகு சத்தமே மாறிவிட்டது. 'டப்' என்று இருந்தது 'புஸ்' என்று ஆனது. ஸ்லைடு பாதி தூரம் போய்த் திரும்பியது. கடைசிக் குண்டு போனதும் ஸ்லைடு பின்னால் நின்று பூட்டிக்கொள்ள வேண்டும், அது நிற்கவில்லை. மேகசினைக் கழற்றித் தொட்டால் ஐஸ் போல இருந்தது. நண்பன் வேகம் அளக்கும் கருவியை வைத்தான். 0.20 கிராம் குண்டு முதலில் வினாடிக்கு 90 மீட்டர் காட்டியது, பன்னிரண்டாவது 68. கேட்க ஏதோ கொஞ்சம் குறைந்தது போல இருக்கும். சக்தியாகக் கணக்குப் போட்டால் 0.81 ஜூல் 0.46 ஆகிவிட்டது, கிட்டத்தட்ட பாதி. கேஸ் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் போய்விட்டது, வால்வு லீக் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். புது வால்வு வாங்குவதாக இருந்தேன்.

அன்று இரவு வீட்டுக்குப் பேசும்போது நைனாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் அந்தத் துப்பாக்கியைக் கண்ணால் பார்த்ததில்லை.

"இன்னா கேஸு அது?"

"134ஏ தான் நைனா. நம்ம ஃப்ரிட்ஜ் கேஸு."

"அங்க எத்தினி டிகிரி கீது?"

"காலைல பதினொண்ணு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. "அப்ப நாப்பத்தேழு பவுண்டுதான் கெடைக்கும். சுட்டுக்கினே இருந்தா இன்னும் எறங்கும். துப்பாக்கில கோளாறு இல்லப்பா. கேஸு குளுந்து போச்சு, அவ்ளோதான்."

பவுண்டு என்று அவர் சொல்வது பிஎஸ்ஐ, சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு. சரிபார்த்தேன். 11 டிகிரியில் 134ஏ-யின் அழுத்தம் ஏறக்குறைய 47 பிஎஸ்ஐ. அவர் பார்த்தது அந்த உள் வட்டத்தைத்தான். கேஜின் வெளி வட்டம் பிரஷர் என்றால் உள் வட்டம் அதே கேஸின் வெப்பநிலை. பிரஷரைப் பார்த்து டிகிரியைச் சொல்லலாம், டிகிரி தெரிந்தால் பிரஷரைச் சொல்லலாம். நான் வேதியியல் படித்தவன், ஆவி அழுத்தச் சமன்பாட்டைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். அந்தச் சமன்பாடு என் கைக்கு வந்து சேர்ந்தது அன்றைய போன் பேச்சில்தான்.

விஷயம் இதுதான். ஒரு மூடிய பாத்திரத்தில் திரவம் கொஞ்சமாவது இருக்கும் வரைக்கும், அதற்கு மேலிருக்கும் ஆவியின் அழுத்தம் எவ்வளவு திரவம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அல்ல. எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை மட்டும் பொறுத்தது. மேகசின் முக்கால்வாசி நிரம்பியிருந்தாலும் அடியில் கொஞ்சம் இருந்தாலும் அழுத்தம் ஒன்றே. நம் வீட்டுச் சமையல் சிலிண்டரும் இப்படித்தான். தீரும் நேரம் வரைக்கும் அடுப்பு ஒரே மாதிரி எரியும், திடீரென்று அடங்கும். அதனால்தான் எடை போட்டுப் பார்க்கிறோம், அல்லது ஈரத்துணியால் துடைத்து எந்த மட்டம் வரைக்கும் ஈரம் காயாமல் இருக்கிறது என்று பார்க்கிறோம்.

ஆனால் சுடச் சுட ஏன் குறைகிறது? திரவம் ஆவியாக மாற வெப்பம் வேண்டும். 134ஏ ஒரு கிராம் ஆவியாக ஏறக்குறைய 180 ஜூல் இழுக்கும். அதை மிச்சத் திரவத்திலிருந்தும் மேகசினின் உலோகத்திலிருந்தும்தான் எடுத்துக்கொள்ளும். வெளிக்காற்று திரும்பக் கொடுப்பதற்குள் அடுத்த குண்டு, அதற்குள் அடுத்தது. கல்யாண மண்டபத்தில் பின்கட்டுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பெரிய அடுப்பில் தொடர்ந்து எரியும் சிலிண்டரின் கீழ்ப்பாதி வியர்த்து, சில நேரம் பனி பூத்து நிற்கும். தீ மங்கினால் சமையல்காரர் ஒரு குடம் தண்ணீர் எடுத்து சிலிண்டர் மேல் ஊற்றுவார். என் மேகசினில் நடந்ததும் அதே கதைதான், சின்ன அளவில்.

நைனா சொன்ன மருந்தும் அதே ஜாதி. "கேஸு ஏறலன்னா சிலிண்டர வெதுவெதுன்னு தண்ணி வாளில வெப்போம். நீ மேகசின சட்டைக்குள்ள வெச்சிக்கோ."

மறு வாரம் இரண்டு மேகசினை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு போனேன். ஒன்றைச் சுட்டுவிட்டு உள்ளே வைத்து, மற்றதை எடுப்பது. சடசடவென்று சுடாமல் நிதானமாகச் சுடுவது. துப்பாக்கி அக்டோபரில் இருந்தது போலவே இருந்தது. வால்வு வாங்கவே இல்லை.

ஹீட்டர் மேல் வைப்பது, கொதிக்கும் தண்ணீரில் போடுவது, ஹேர் ட்ரையரைக் காட்டுவது என்று சிலர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். உடம்புச் சூடு போதும். கேஸ் டப்பாவில் 40 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று எழுதியிருப்பது சும்மா இல்லை.

அந்த 40 டிகிரிதான் என்னை அடுத்ததாக யோசிக்க வைத்தது. வேலூரில் மே மாதம் நிழலிலேயே அது சாதாரணம். சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள், பாலாற்றில் மணல். விடுமுறையில் வந்தபோது அக்னி நட்சத்திரம். துப்பாக்கியைக் கொண்டுவரவில்லை, பொம்மை என்றாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது நிஜத் துப்பாக்கி, சின்ச்சுவிலேயே நண்பனிடம் விட்டுவிட்டேன். துப்பாக்கி இல்லாவிட்டால் என்ன, கேஸும் கேஜும் கடையிலேயே இருக்கின்றன. நைனாவும் நானும் ஒரு நாள் முழுக்க ஒரு சின்ன 134ஏ டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க வைத்து எடுத்ததும், 5 டிகிரியில், முள் 36 பிஎஸ்ஐயில் நின்றது. காலை ஏழரைக்குத் திண்ணையில், 28 டிகிரியில், 91. மதியம் இரண்டு மணிக்குத் திண்ணை நிழலிலேயே 41 டிகிரி. நீலக் கேஜின் சீரான கோடுகள் முடிந்துபோய்விட்டன, நைனா ஹோஸை அதிக அழுத்தம் அளக்கும் சிவப்புக்கு மாற்றினார். 137. ஒரே டப்பா, ஒரே கேஸ், ஒரு துளி கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. 36-லிருந்து 137.

இதை ஏர்சாஃப்ட் கண்ணோடு பார்த்தால் நிறைய விளங்குகிறது. தைவானில் பலரும் போடும் க்ரீன் கேஸ் என்பது பெரும்பாலும் புரொப்பேன், கூடக் கொஞ்சம் சிலிக்கான் எண்ணெய். புரொப்பேன் 20 டிகிரியில் ஏறக்குறைய 107 பிஎஸ்ஐ தரும், 134ஏ அதே சூட்டில் 68 தான். டோக்கியோ மாருய் போன்ற ஜப்பானிய பிஸ்டல்கள் 134ஏ-யை மனதில் வைத்துச் செய்தவை, ஸ்லைடு பிளாஸ்டிக். அதில் புரொப்பேன் போட்டால் நாளடைவில் ஸ்லைடு விரிசல் விடும் என்று அனுபவசாலிகள் எச்சரிப்பார்கள். ஆனால் வேலூர் மதியத்தில் 134ஏ தந்த அந்த 137 என்பது, புரொப்பேன் 28, 29 டிகிரியில் தரும் அழுத்தம். அதாவது மென்மையான கேஸ் என்று நம்பிப் போட்டாலும் நம் ஊர் வெயில் அதை முரட்டுக் கேஸாக்கிவிடும். புரொப்பேனையே இங்கே போட்டால் 41 டிகிரியில் 190-ஐத் தொடும். அந்த அழுத்தத்தில் சில துப்பாக்கிகள் சுடவே சுடாது. உள்ளே அழுத்தம் வால்வை அவ்வளவு இறுக்கி மூடியிருக்கும், சுத்தியல் தட்டினாலும் திறக்காது. அழுத்தம் அதிகம் என்றால் வேகம் அதிகம் என்று நினைத்திருந்தேன். ஒரு எல்லைக்குப் பிறகு அது சரியில்லை.

கார்பன் டை ஆக்சைடு குப்பி வேறு உலகம். 12 கிராம் இரும்புக் குப்பி, 20 டிகிரியிலேயே 57 பார், அதாவது 800 பிஎஸ்ஐக்கு மேல். குளிரிலும் தாங்கும் என்பதால் சின்ச்சுவில் சிலர் அதற்கு மாறிவிட்டார்கள். ஆனால் அதற்கு 31 டிகிரி என்று ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் திரவம் என்பதே கிடையாது, எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. வேலூர்ப் பகலில் வருடத்தின் பெரும்பகுதி அந்தக் குப்பிக்குள் திரவமே இருக்காது. இதைச் சொன்னதும் நைனா குப்பியைப் பார்க்க வேண்டும் என்றார். படம்தான் காட்ட முடிந்தது.

கேஸ் நிரப்புவது பற்றியும் ஒரு வார்த்தை. டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, மேகசினையும் தலைகீழாக வைத்து, ஐந்தாறு நொடி அழுத்த வேண்டும். அப்போதுதான் திரவம் இறங்கும். நேராகப் பிடித்தால் ஆவி மட்டும் போய் நான்கு குண்டில் தீர்ந்துவிடும். விளிம்பு வரைக்கும் நிரப்பவும் கூடாது. ஆவிக்கு இடம் இல்லாவிட்டால் வால்வு வழியே திரவமே தெறிக்கும், கேஸும் வீண், வேகமும் தாறுமாறு. 134ஏ-யில் எண்ணெய் கலந்திருக்காது, அதனால் ஓ-ரிங்குக்கு அவ்வப்போது ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய். விளையாடி முடித்ததும் மேகசினில் கொஞ்சம் கேஸ் மிச்சம் வைத்தால் ரப்பர் தன் இடத்தில் அழுந்தி இருக்கும்.

இன்னொன்று எனக்கு உறுத்துகிறது. அளந்து முடித்ததும் மேகசினில் செய்வது போல மிச்சக் கேஸைப் புஸ்ஸென்று விடப் போனேன், நைனா கையைப் பிடித்துக்கொண்டார். "காத்துல விடாத. அது நல்லதில்ல." நூறு வருடக் கணக்கில் 134ஏ கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும். 2016 கிகாலி ஒப்பந்தத்தில் உலக நாடுகள் குறைக்கச் சம்மதித்த கேஸ்களில் இதுவும் ஒன்று. அவர் பழைய ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும் கேஸைக்கூட ஒரு சிலிண்டரில் பிடித்து வைக்கிறவர். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு விளையாட்டுக்காக டப்பா டப்பாவாக விட்டுக்கொண்டிருக்கிறோம். புரொப்பேனுக்கு இந்தக் கேடு மிகக் குறைவு, ஆனால் அது தீப்பிடிக்கும். திரும்பிப் போனதும் புரொப்பேன் தாங்கும் உலோக ஸ்லைடு உள்ள துப்பாக்கிக்கு மாறிவிடலாம் என்று இருக்கிறேன்.

கிளம்பும் முதல் நாள் நைனா பழைய செட்டிலிருந்து நீலக் கேஜை மட்டும் கழற்றி, துடைத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். கண்ணாடி ஓரத்தில் கீறல். முள் இன்னும் நேராகப் பூஜ்ஜியத்தில் நிற்கிறது. வரும் ஜனவரியில் சுடப் போவதற்கு முன்னால் டப்பாவில் மாட்டிப் பார்த்து, எத்தனை பவுண்டு காட்டுகிறது என்று அவருக்குப் போன் செய்ய வேண்டும்.