பாயில் உறங்கும் பிள்ளைகளும் ஒழுகும் கூரையும்

தொடக்கநிலை மூன்றில் படிக்கும் என் மகன் ஓயாமல் இருமுவதைக் கவனித்துப் பள்ளியில் விசாரித்திருக்கிறார்கள். "ரூம் சுவரெல்லாம் கறுப்பா இருக்கு, நாங்க கீழதான் படுப்போம்" என்று அவனும் சொல்லியிருக்கிறான். இரண்டுமே உண்மைதான். பத்து நாள்களில் ஒரு சமூக ஊழியர் சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் மூவறை வீட்டின் கதவைத் தட்டியபோது, அந்த இரண்டு உண்மைகளும் சேர்ந்து எங்களைப் பிள்ளைகளைக் கவனியாத பெற்றோர் ஆக்கியிருந்தன.

வந்தவர் மரியாதையாகவே பேசினார். பூஞ்சணம் படர்ந்த சுவரைப் படமெடுத்தார், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார், அறையில் எத்தனை கட்டில்கள் என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் சுருட்டி நிறுத்தியிருந்த கோரைப்பாய்களையும் மடித்து வைத்திருந்த பஞ்சு மெத்தைகளையும் காட்டினேன். என் மாமியார் எழுபது வயதிலும் பாயில்தான் படுக்கிறார் என்பதையும் சொன்னேன். ஆனால் குறிப்பில் ஏறியதோ, "பிள்ளைகளுக்குப் படுக்கை இல்லை" என்ற ஒற்றை வரி. அது எனக்குத் தெரியவந்ததே பல வாரங்கள் கழித்துத்தான்.

என் பெரிய தவறு அன்று மாலையே நடந்தது. "பாதுகாப்புத் திட்டம்" என்று ஆங்கிலத்தில் நீட்டப்பட்ட தாளில், நான்கு வாரங்களுக்குள் கசிவைச் சரிசெய்வேன் என்று பயத்தில் கையெழுத்திட்டுவிட்டேன். கசிவு மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து வருகிறது. மேல்வீட்டார் கதவைத் திறந்தால்தான் எதுவும் நடக்கும். தமிழில் விளக்குங்கள் என்றோ, படித்துப் பார்த்து நாளை தருகிறேன் என்றோ கேட்டிருக்கலாம் என்பதுகூட அப்போது தோன்றவில்லை. தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. அதில் விளக்கம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

அந்தத் தாளின் நகலை வாங்க, அரைநாள் விடுப்பெடுத்து அவர்களின் அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்தவர், அதிகாரி விடுப்பில் இருப்பதாகவும், தம்மால் கொடுக்க இயலாது என்றும், மின்னஞ்சலில் கேட்கும்படியும் கூறித் திருப்பி அனுப்பிவிட்டார். மின்னஞ்சல்தான் வழி என்று முதலிலேயே தொலைபேசியில் சொல்லியிருந்தால் என் அரைநாள் சம்பளமாவது மிஞ்சியிருக்கும்.

அருகிலிருந்த குடும்பச் சேவை நிலையத்துக்குப் போன பிறகுதான் மூச்சு வந்தது. "பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்களா?" என்பதே என் முதல் கேள்வி. அங்கிருந்த சமூக ஊழியர் சிறார், இளையர் சட்டத்தை நிதானமாக விளக்கினார். பாதுகாப்பு கருதி ஒரு பிள்ளையை வீட்டிலிருந்து அகற்றினால், 72 மணி நேரத்துக்குள் இளையர் நீதிமன்றத்தின் முன் கொண்டுவர வேண்டும் என்று அவர் சொன்னதும், இரவில் யாரோ வந்து அள்ளிக்கொண்டு போவார்கள் என்று நான் கட்டிவைத்திருந்த கற்பனை கலைந்தது. அடுத்த வருகையின்போது தாமும் உடனிருப்பதாகச் சொன்னார்.

பிறகு செய்ததெல்லாம் தாள் சேர்க்கும் வேலை. கசிவு தொடங்கிய நாளிலிருந்து கைத்தொலைபேசியில் கிடந்த படங்களைத் தேதிவாரியாக அச்சிட்டேன். பலதுறை மருந்தகத்தில் மகனுக்கு ஆஸ்துமா மருந்து எழுதிய சீட்டுகளைச் சேர்த்தேன்; சிகிச்சைக்கு அழைத்துப்போகாத தாய் அல்ல என்பதற்கு அவைதான் சாட்சி. அரசு அடுக்குமாடி வீடுகளைக் கவனிக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும், மீதியை மேல்வீடும் கீழ்வீடும் சமமாகப் பகிர வேண்டும். அதற்கு நான் விண்ணப்பித்திருந்ததையும், மேல்வீட்டார் மூன்று முறை சந்திக்க மறுத்ததையும் குறுஞ்செய்திகளோடு கோப்பில் வைத்தேன். மறுத்தவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

இரண்டாம் வருகைக்கு வேறோர் அதிகாரி வந்தார். கோப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டிய பிறகு, படுக்கை பற்றிய வரியைத் திருத்தும்படி நான் எழுத்தில் கேட்டதை வாங்கிக்கொண்டார். நான்கு வாரக் கெடு, பழுதுபார்ப்பு முடியும் வரை என்று மாறியது. அதுவரை பிள்ளைகள் கூடத்தில் உறங்குவார்கள் என்று ஒப்புக்கொண்டோம், அதே பாயில்தான்.

மூன்றாம் வருகை பத்து நிமிடத்தில் முடிந்தது. கசிவு நின்றுவிட்டது, சாயம் பூசிய வாடை போகவில்லை. விசாரணை முடிந்ததாகக் கடிதம் வந்த அன்று அதையும் நகலெடுத்து அதே கோப்பில் செருகி வைத்தேன்.