விகடகவிக்கு ‘இல்லை’ என்று சொன்ன நிரல்

என் மகள் உயர்நிலை மூன்றில் கணினியியல் பாடத்தைத் தேர்ந்தெடுத்தபோது வீட்டில் மிகுதியாக மகிழ்ந்தவன் நான்தான். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணினிக்கு நிரல் எழுதிப் பிழைப்பவனுக்குப் பிள்ளையின் பாடங்களில் ஒன்றிலாவது கைகொடுக்க வழி கிடைத்ததே என்ற மகிழ்ச்சி அது. வேதியியலிலும் கூடுதல் கணிதத்திலும் அவள் என்னை எப்போதோ தாண்டிவிட்டாள். ஆனால் முதல் பருவம் முடிவதற்குள், கைகொடுக்கிறேன் என்று சொல்லி நான் குறுக்கே நின்றதுதான் அதிகம் என்பது தெளிவாகிவிட்டது.

இங்கே சிங்கப்பூரில், உயர்நிலைப் பள்ளிப் படிப்பின் முடிவில் எழுதும் ‘ஓ’ நிலைத் தேர்வுக்கு, 7155 என்ற குறியீட்டெண் கொண்ட கணினியியல் பாடம் 2017-இல் பள்ளிகளுக்கு வந்தது. அதற்கு முன் இருந்த பாடம் மென்பொருளைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பதிலேயே பெரும்பகுதியைச் செலவிட்டது. புதிய பாடமோ மாணவர்களைப் பைத்தான் என்னும் நிரல்மொழியில் நிரல் எழுத வைக்கிறது. தொடக்கநிலையின் மேல்வகுப்புகளில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளும் 2020 முதல் ‘கோட் ஃபார் ஃபன்’ என்னும் பத்து மணிநேரப் பயிற்சியைப் பெறுகிறார்கள் என்றாலும், அங்கே வண்ணக் கட்டங்களை இழுத்து ஒட்டியதற்கும் இங்கே வெறும் எழுத்துகளைத் தட்டி நிரல் எழுதுவதற்கும் இடையில் உள்ள தொலைவு சிறியதன்று. கட்டங்களில் எழுத்துப்பிழை வராது. ஒரு முற்றுப்புள்ளிக்காக யாரும் அரைமணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதும் இல்லை.

என் மனக்குறை இதைப் பற்றியதன்று. மகள் வீட்டுக்குக் கொண்டுவந்த பயிற்சித்தாள்களில் பாதிக்குமேல் ‘டிரேஸ் டேபிள்’ என்ற அட்டவணையே நிறைந்திருந்தது. நிரலைக் கணினியில் ஓட்டாமல், நாமே கணினியாக இருந்து வரி வரியாக நடத்திப் பார்த்து, ஒவ்வொரு மாறிக்கும் (அதாவது, நிரல் ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயருக்கும்) ஒரு பத்தி ஒதுக்கி, அதன் மதிப்பு மாறும்போதெல்லாம் அடுத்த வரிசையில் எழுதிக்கொண்டே போக வேண்டும். பள்ளிக்கு எடுத்துச் செல்லும் கணினி பக்கத்திலேயே திறந்திருக்க, அது கண்ணிமைக்கும் நேரத்தில் செய்து முடிப்பதைப் பிள்ளை பென்சிலால் இருபது நிமிடம் செய்துகொண்டிருப்பதைக் கண்டு எனக்குப் பொறுக்கவில்லை. “நீச்சல் கற்றுக்கொடுக்கிறோம் என்று சொல்லி நோட்டில் குளம் வரையச் சொல்கிறார்களே” என்று மனைவியிடம் சொன்னேன். திருச்சியில் கல்லூரியில் படித்த காலத்தில், டர்போ சி என்ற நிரல் எழுதும் மென்பொருளின் நீலத்திரைக்கு முன் இரண்டு பேருக்கு ஒரு கணினி என்று உட்கார்ந்து, தப்பும் தவறுமாகத் தட்டித் தட்டிக் கற்றவன் நான். அதுவே வழி என்று நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையில் முதல் அடி விழுந்தது ஒரு பிரியாணிக் கணக்கில். ஒரு தட்டின் விலையைப் பயனரிடம் கேட்டு வாங்கி, மூன்று தட்டுக்கு எவ்வளவு என்று சொல்லும் சிறிய நிரல். மகள் 5 என்று தட்டினாள். திரையில் 555 வெள்ளி என்று வந்தது. பயனர் தட்டுவதை வாங்கும் கட்டளைக்கு ‘இன்புட்’ என்று பெயர். “பைத்தானில் ‘இன்புட்’ எண்ணை எண்ணாகவே வாங்கிக்கொள்ளும், நீ வேறெங்கோ தவறு செய்திருக்கிறாய்” என்று உறுதியாகச் சொல்லிவிட்டு நான் வேறு வரிகளில் பிழை தேடிக்கொண்டிருந்தேன். நான் பைத்தானைத் தொட்டது அதன் இரண்டாம் பதிப்பின் காலத்தில்; அதில் ‘இன்புட்’ தட்டியதை ஒரு கணக்காகவே எடுத்துக் கணக்கிட்டுவிடும். 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அது எதைத் தட்டினாலும் வெறும் எழுத்துச்சரமாகவே, அதாவது எழுத்துகளின் வரிசையாகவே தருகிறது, எழுத்துச்சரத்தை மூன்றால் பெருக்கினால் பைத்தான் அதை மூன்று முறை அடுத்தடுத்து எழுதிவிடுகிறது. மகள் அட்டவணையை எடுத்தாள். ‘விலை’ என்ற பத்தியில் ஆசிரியர் பழக்கியபடி மேற்கோள்குறி போட்டு “5” என்று எழுதினாள், அடுத்த பத்தியில் “555” என்று எழுதினாள், பிறகு எதுவும் பேசாமல் எழுத்துச்சரத்தை எண்ணாக்கும் ‘இன்ட்’ என்பதைச் சேர்த்து 15 வெள்ளியை வரவழைத்தாள். இரண்டாம் பதிப்புக்கான ஆதரவே 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துபோனது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை, தேவையும் இருக்கவில்லை.

அடுத்தது அடையாள அட்டை எண்: முன்னால் ஓர் எழுத்து, நடுவில் ஏழு இலக்கங்கள், கடைசியில் ஓர் எழுத்து. உள்ளீட்டைச் சரிபார்ப்பது பற்றிய பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு சிங்கப்பூரில் கிடையாது என்பேன். எண்ணின் கடைசியில் நிற்கும் எழுத்து அலங்காரத்துக்காக வந்ததன்று. ஏழு இலக்கங்களை முறையே 2, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்தால் வரும் மீதியே அந்த எழுத்தைத் தீர்மானிக்கிறது. ‘எஸ்’ என்று தொடங்கும் எண்களுக்கு மீதி 0 என்றால் ‘ஜே’, 1 என்றால் ‘இசட்’, பிறகு ‘ஐ’, ‘எச்’, ‘ஜி’, ‘எஃப்’, ‘ஈ’, ‘டி’ என்று இறங்கி, 10 என்றால் ‘ஏ’. இரண்டாயிரத்திலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குக் கூட்டுத்தொகையோடு 4 சேர்த்துக்கொள்ள வேண்டும். 11 பகா எண் என்பதால் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி எழுதினாலும் எழுத்து கட்டாயம் மாறிவிடும். (முதல் இலக்கத்தையும் ஏழாம் இலக்கத்தையும் இடம் மாற்றினால் மட்டும் மாறாது, இரண்டுக்கும் பெருக்கி 2 அல்லவா. இதை மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள், அன்றிரவு எனக்கு அவ்வளவு பெருமை.)

சொந்த எண்ணைப் பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதால் மாதிரிப் படிவங்களில் வழக்கமாகக் காணும் 1234567 என்ற எண்ணை வகுப்பில் எடுத்துக்கொண்டார்கள். பெருக்கினால் 2, 14, 18, 20, 20, 18, 14. கூட்டினால் 106, மீதி 7, எழுத்து ‘டி’. மகளின் நிரலோ ‘எஃப்’ என்றது. நான் வழக்கம்போல், இடையிடையே மதிப்புகளை அச்சிட்டுப் பார், இங்கே மாற்றிப் பார், அங்கே மாற்றிப் பார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அட்டவணை போட்டாள். ஏழு வரிசை வர வேண்டிய இடத்தில் ஆறுதான் வந்தது. பைத்தான் இடங்களை 0-இலிருந்து எண்ணும்; இலக்கங்களை ஒவ்வொன்றாக எடுக்கும் சுழற்சியை அவள் 1-இலிருந்து தொடங்கியிருந்ததால் 0-ஆவது இடத்தில் இருந்த முதல் இலக்கம் விடுபட்டு, கூட்டுத்தொகை 104 ஆகி, மீதி 5 ஆகியிருந்தது. நான் சொன்னபடி ஆங்காங்கே மாற்றிப் பார்த்திருந்தால் ‘டி’ எப்படியோ ஒரு கட்டத்தில் வந்திருக்கும். ஏன் வந்தது என்பது இருவருக்குமே தெரியாமல் போயிருக்கும். அலுவலகத்தில் நான் பார்க்கும் பிழைத்திருத்தங்களில் கணிசமானவை இந்த வகைதான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இவையெல்லாம் ஆங்கிலத்திலும் எண்களிலும் நடந்தவை. அட்டவணையின் முழு அருமை தெரிந்தது, ஒரு சொல்லைத் திருப்பிப் படித்தாலும் அதே சொல்லாக இருக்கிறதா என்று பார்க்கும் நிரலை அவள் எழுதியபோதுதான். பள்ளி கேட்டது ஆங்கிலச் சொற்களுக்கு. அது சரியாக ஓடியது. அன்று மாலை தமிழ் வீட்டுப்பாடமும் மேசைமேல் கிடந்ததால் விளையாட்டாக ‘விகடகவி’ என்று தட்டினாள். நிரல் ‘இல்லை’ என்றது. ‘தாத்தா’ என்று தட்டினாள். ‘இல்லை’. ‘பாப்பா’, ‘குடகு’ எல்லாவற்றுக்கும் ‘இல்லை’. “அப்பா, கணினிக்குத் தமிழ் தெரியவில்லை” என்றாள். எழுத்துருவில் ஏதோ கோளாறு என்று நான் சொன்னேன். இந்தப் பதிவில் நான் சொன்னதாக வருபவற்றில் எது சரியாக இருந்தது என்று நீங்கள் இதற்குள் கேட்கத் தொடங்கியிருப்பீர்கள்.

அவள் அட்டவணையில் இரண்டு பத்திகள் போட்டாள்: முன்னாலிருந்து வரும் எழுத்து, பின்னாலிருந்து வரும் எழுத்து. கணினி உண்மையில் எடுப்பதைத்தான் எழுத வேண்டும் என்பது ஆசிரியரின் கண்டிப்பு என்பதால் ஒவ்வொன்றையும் அச்சிட்டுப் பார்த்து நிரப்பினாள். முதல் வரிசையில் முன்னால் ‘வ’ வந்தது. பின்னால் வந்தது ‘வி’ அன்று. தனியாக நின்ற ஒரு மேல்விலங்கு, இகரத்தின் குறி மட்டும். நமக்கு ஐந்தெழுத்தாக இருக்கும் விகடகவி, கணினிக்கு ஏழு குறிகளாக இருந்தது. நீளத்தை எண்ணிச் சொல்லும் ‘லென்’ என்ற கட்டளையால் கேட்டால் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே அது ஐந்து என்றுதான் விடை தருகிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி.

இதை அவளுக்கு விளக்க உட்கார்ந்தபோதுதான் நானே சரியாக யோசித்தேன். நம் இலக்கணத்தில் மெய்யே அடிப்படை. ‘க்’ என்பதோடு ‘அ’ சேர்ந்தால் ‘க’. உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் குறி வழங்கும் பொது முறையான யூனிகோடில் இது தலைகீழ். அகரம் ஏறிய ‘க’தான் அடிப்படைக் குறி, அதன் பக்கத்தில் புள்ளி என்ற இன்னொரு குறியை வைத்தால்தான் ‘க்’ கிடைக்கும். தமிழ் வகுப்பில் ஓரெழுத்தாக எண்ணும் மெய் இங்கே இரண்டு குறி. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247 எழுத்தை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனிக் குறியே இல்லை என்பது வியப்பாக இருந்தது. ‘கொ’ இன்னும் வேடிக்கையானது: அதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, ‘லென்’ மட்டும் ஒன்றை இரண்டு என்றும் மற்றதை மூன்று என்றும் எண்ணும். இதே தீவில் நா. கோவிந்தசாமி போன்றவர்கள் தொண்ணூறுகளில் தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டதையும், 1997-இல் இங்கே தமிழ்நெட் மாநாடு கூடியதையும் அவளிடம் சொன்னேன். குறியீட்டுக்காக அவ்வளவு வாதாடியிருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் பொருளுள்ளதாகப் பட்டது.

தீர்வு அவளுடையதே. பதினொரு உயிர்க்குறிகளையும் புள்ளியையும் ஒரு பட்டியலில் வைத்தாள். சொல்லின் குறிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது அந்தப் பட்டியலில் இருந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டினாள், இல்லாவிட்டால் புதிய எழுத்தாகத் தொடங்கினாள். முடிவில் வி, க, ட, க, வி என்று ஐந்து உருப்படிகள் கொண்ட பட்டியல் கிடைத்தது. அதைத் திருப்பி ஒப்பிட்டால் ‘ஆம்’. எட்டே வரிகள். ஏற்கெனவே தமிழ் எழுத்துகளைப் பிரித்துத் தரும் ‘ஓப்பன் தமிழ்’ போன்ற நிரலகங்கள் இருப்பது எனக்குத் தெரியும். அன்று அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன் என்பதே அந்தப் பருவத்தில் நான் செய்த உருப்படியான உதவி.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் எழுதித் தந்துவிடுமே, பிள்ளைகள் இதையெல்லாம் ஏன் கையால் செய்ய வேண்டும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எழுதித் தரும்தான். நானும் பணியில் பயன்படுத்துகிறேன். ஆனால் அது தந்த நிரல் தாத்தாவை ‘இல்லை’ என்று சொன்னால், எந்த வரியில் நின்று ஏன் சொல்கிறது என்று படித்துப் பார்க்கத் தெரிய வேண்டுமே. அதைத்தான் அந்தப் பென்சில் அட்டவணை பழக்குகிறது. இத்தனை ஆண்டுப் பணியில் நான் எழுதிய வரிகளைவிடப் பிறர் எழுதியதைப் படித்த வரிகள் பல மடங்கு அதிகம். என் கல்லூரியில் எழுதத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், படிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நிரல் சரியான அன்று இரவே மகள் ஊரிலிருக்கும் என் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, திருப்பிப் படித்தாலும் மாறாத சொல் இன்னும் வேண்டும் என்று கேட்டாள். அவர் சிறிது யோசித்துவிட்டு, “தேரு வருதே என்று போட்டுப் பாரம்மா” என்றார். போட்டாள். ‘இல்லை’ என்று வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பென்சிலை எடுத்துக் கோடு போடத் தொடங்கியிருந்தாள். மூன்றாம் வரிசையில் ஒரு பக்கம் வெற்றிடமும் மறுபக்கம் ‘வ’வும் வந்து நின்றன. “தாத்தா, நடுவில் இடைவெளி விட்டுவிட்டேன்” என்று அவள் தொலைபேசியில் சொல்ல, அவர் மறுமுனையில் என்ன புரிந்துகொண்டாரோ, “இடைவெளியெல்லாம் விடாதேம்மா” என்றார்.