சென்சாருக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

எங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை இதுதான்: மேசையில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, காந்தப்புலத்தை அளக்கும் சென்சாருக்கு முன்னால் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். பெல்ட் கொக்கி, மூக்குக்கண்ணாடி, பேனா எல்லாவற்றுக்கும் திரையில் கோடு துள்ளும். எவர்சில்வர் திருகாணியை எடுக்கும்போது "இதில் காந்தம் ஒட்டாதே சார்" என்பார்கள். உண்மைதான், ஆனால் மரை போடும்போது படும் அழுத்தத்தில் அந்த உலோகத்துக்கும் கொஞ்சம் காந்தத் தன்மை வந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு). அதற்குள் ஓரிரு நானோடெஸ்லா மாற்றத்தைப் பிடிப்பது எங்கள் வேலை. பயன்படுத்துவது பெர்மலாய் என்ற நிக்கல்-இரும்புக் கலவையின் மெல்லிய படலம். புலம் மாறினால் அதன் மின்தடை துளி மாறும். சென்சார் சில மில்லிமீட்டர்தான்.

ஒரு மின்சுற்றுப் போர்டில், வெளிப்புலத்தைத் தடுக்கும் காந்தக் கவசப் பெட்டிக்குள் வைத்த பிறகும் அளவு பூஜ்ஜியத்துக்கு வரவில்லை. பிழை மின்சுற்றிலா, நிஜமான புலமா? இதைப் பிரித்தறிய ஒரு நல்ல வழி உண்டு. படலத்துக்குப் பக்கத்தில் ஓடும் கம்பியில் நொடிப்பொழுது மின்துடிப்பு கொடுத்தால், படலத்தின் காந்தத் திசை புரண்டுவிடும். அப்போது நிஜமான புலத்தின் அளவு குறி மாறும். மின்சுற்றுப் பிழை மாறாது. எங்களுக்குக் குறி மாறியது. ஆக, போர்டிலேயே ஏதோ ஒன்று காந்தமாக இருக்கிறது. தேடிப் பார்த்ததில் சென்சாரை ஒட்டி நின்ற கெப்பாசிட்டர்கள்! கடுகளவு பொருள்தான். ஆனால் அவற்றின் இரு முனையிலும் வெள்ளீயப் பூச்சுக்கு அடியில், காந்தமாகக்கூடிய நிக்கல் அடுக்கு உண்டு. போர்டில் உறுப்புகளைப் பற்றவைக்கும், தங்க முலாம் பூசிய பேடுகளுக்கு அடியிலும் பெரும்பாலும் நிக்கல்தான்.

சென்சார் சிறிதாகிவிட்டதால் எல்லாம் எளிதாகிவிடும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. கருவி சுருங்கும்போது பேட்டரியும் திருகாணியும் கூடவே நெருங்கி வருகின்றன. சின்னக் காந்தத்தின் புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். இருமடங்கு தள்ளி வைத்தால் எட்டில் ஒரு பங்கு. ஆதித்யா எல்-1 விண்கலத்தில் 6 மீட்டர் நீளக் கையை நீட்டி, அதன் நுனியில் ஒன்று, பாதியில் ஒன்று என இரண்டு காந்தமானிகளை வைத்ததும் இதற்காகத்தான். இரண்டின் வித்தியாசத்திலிருந்து விண்கலத்தின் சொந்தப் புலத்தைக் கணித்துக் கழிக்கலாம். அதற்கு வெகு முன்பே, பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது, அதன் மின்னோட்டம் அளவுகளைக் கெடுக்கும் என்றதும் கொலாபாவின் காந்த ஆய்வகப் பணியை 1904-இல் அலிபாகில் புது இடம் அமைத்து மாற்றினார்கள். எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை.

எங்களுக்கு 6 மீட்டரும் கிடையாது, அலிபாகும் கிடையாது. போர்டு வரைபவரிடம் சென்சாரைச் சுற்றி 1 சென்டிமீட்டர் காலியிடம் கேட்கிறேன். "அவ்வளவு இடத்தை வீணாக்கணுமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். நானும் திரைமுன் உட்கார வைத்து, ஒரு கெப்பாசிட்டரைச் சாமணத்தில் பிடித்துச் சென்சார் அருகே கொண்டுபோய்க் காட்டுகிறேன். அப்புறம் இடம் கிடைத்துவிடுகிறது.