32 கே.பி.பி.எஸ்.ஸில் ஒரு கச்சேரி

மூன்று மணி நேரக் கச்சேரியை சி.டி. தரத்தில் அப்படியே வைத்தால் சுமார் 1.9 ஜி.பி. வரும். 32 கே.பி.பி.எஸ்.ஸுக்கு, அதாவது நொடிக்கு 32 ஆயிரம் பிட்டுக்கு, இறக்கினால் 43 எம்.பி. பழைய போனில் இடமே இல்லாதவர்கூட வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த 43 எம்.பி.க்குள் கச்சேரி எவ்வளவு மிஞ்சும்?

ஒலியைச் சுருக்கி விரிக்கும் கோடெக்குகளின் ஒப்பீடுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் வரும் சோதனைத் துணுக்குகள் பெரும்பாலும் ராக், பாப், பியானோ, காஸ்டனெட் வகையறா. அதில் முதலிடம் வந்த கோடெக் மயிலாப்பூர் சபா மேடையிலும் முதலிடம் வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தம்பூரா ஒருபுறம், மிருதங்கம் மறுபுறம் என்று நம் மேடையில் இரண்டு எதிரெதிர்ச் சிக்கல்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. ஒன்றுக்கு நல்லது செய்தால் மற்றது கெடும்.

முதலில் பட்ஜெட். ஓபஸ் என்ற கோடெக் வழக்கமாக ஒரு நொடியை 20 மில்லிநொடித் துண்டுகள் ஐம்பதாக வெட்டும். 32 கே.பி.பி.எஸ். என்றால் துண்டுக்கு 640 பிட், அதாவது 80 பைட். யு.டி.எஃப்-8 முறையில் 'மிருதங்கம்' என்ற சொல்லை எழுதவே 30 பைட் வேண்டும். 80 பைட்டில் அதை மூன்று முறை எழுத இடம் போதாது. அந்த இடத்தில்தான் குரல், வயலின், மிருதங்கம், கடம், தம்பூரா, ஹாலின் ஏ.சி. இரைச்சல் எல்லாம் அடங்க வேண்டும். எம்.பி.3 இன்னும் பரிதாபம். 24 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு 24 ஆயிரம் சாம்பிள்) அதன் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு துண்டு, 96 பைட். ஹெடருக்கு 4 பைட், ஸ்டீரியோ என்றால் சைடு இன்ஃபோவுக்கு 17 பைட். ஒரு ஸ்வரம்கூட எழுதுவதற்கு முன் 21 பைட் போய்விட்டது. மோனோ என்றால் இந்தச் செலவு 13 பைட்டோடு நிற்கும்.

அடுத்தது துண்டின் நீளம். இந்த ஒப்பீட்டின் பாதி முடிவு இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. நீளமான துண்டு எடுத்தால் அதிர்வெண்களைத் துல்லியமாகப் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் எந்தக் கணத்தில் என்ன நடந்தது என்பது மங்கும். குட்டைத் துண்டு எடுத்தால் நேரெதிர். குறைந்த பிட்ரேட்டுக்கான ஏ.ஏ.சி. வகையான ஹெச்.இ.-ஏ.ஏ.சி.யில் மையக் கோடெக் பாதி சாம்பிள் ரேட்டில் ஓடுகிறது. 22.05 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் ஒரு ஃபிரேம் 46 மில்லிநொடி. அது பார்க்கும் ஜன்னல் கிட்டத்தட்ட 93 மில்லிநொடி. ஓபஸின் இசைப் பகுதியான செல்ட் 20 மில்லிநொடித் துண்டை எடுக்கிறது; அடுத்த துண்டோடு அது மேற்பொருந்துவது வெறும் 2.5 மில்லிநொடி.

இப்போது தம்பூராவைக் கேளுங்கள். தந்திக்கு அடியில் வைக்கும் நூலான ஜீவாளியைச் சரியாக வைத்த தம்பூராவில் ஒரு தந்தியை மீட்டினால் மேலே மேலே மெல்லிய மேற்சுரங்கள் சீப்புப் பற்களைப் போல வரிசையாகக் கிளம்பும். அவை மெதுவாக மாறும், நீண்ட நேரம் நிற்கும். இதற்கு நீளமான ஜன்னல்தான் தோது. ஓபஸின் குட்டை ஜன்னலுக்கு அந்தப் பற்களைத் தனித்தனியாகப் பிரிக்கத் தெரியாது. மேல் பட்டைகளுக்கு பிட் தீர்ந்துபோனால் கீழ்ப் பட்டையிலிருந்து வடிவத்தை மடித்து எடுத்து, ஆற்றல் அளவை மட்டும் சரியாக வைத்து நிரப்பிவிடும். அதனால் ஒலி மங்கலாகாது. ஆனால் ரீங்காரம் இருக்க வேண்டிய இடத்தில் லேசான மணல் உரசல் கேட்கும். தனிக் குரலுக்கு இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. ஒரே சுருதியைப் பிடித்துக்கொள்ளும் பிட்ச் ஃபில்டர் ஒன்று ஓபஸில் இருக்கிறது. நான்கு தந்தியும் பாடகரும் வயலினும் சேர்ந்து ஒலிக்கும்போது அதற்கு எதைப் பிடிப்பது என்று தெரியாது.

ஹெச்.இ.-ஏ.ஏ.சி. தம்பூராவின் கீழ்ப் பாதியை அழகாக வைத்திருக்கும். மேல் பாதியை அது அனுப்புவதே இல்லை. எஸ்.பி.ஆர். என்ற உத்தி கீழ்ப் பாதியை நகலெடுத்து மேலே ஒட்டி, மேலோட்டமான ஆற்றல் குறிப்புகளை வைத்து இஸ்திரி போடுகிறது. ஒட்டும் இடத்தில் சீப்பின் பற்கள் சரியாக அடுத்தடுத்து விழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விழாதபோது ஸ்ருதிப்பெட்டி வாசனை அடிக்கும். கொஞ்சம் உலோகம், கொஞ்சம் பிளாஸ்டிக். பிட்ரேட் குறையக் குறைய இந்த ஒட்டும் எல்லை கீழே இறங்கும். 32 மோனோவில் அது காதை உறுத்தாத உயரத்தில்தான் இருக்கிறது. 16-க்குப் போனால் குரலின் பகுதிக்கே வந்துவிடும்.

தாள வாத்தியங்களின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் நிலைமை தலைகீழ். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் ஒரு சாப்பு அடி, ஒன்றிரண்டு மில்லிநொடிக்குள் உச்சத்துக்குப் போய்விடும். கடத்தின் கழுத்தில் விழும் அடி இன்னும் கூர்மை. கோடெக் சேர்க்கும் பிழை, அது எடுத்த ஜன்னல் முழுவதும் பரவும். எனவே அடி விழுவதற்கு முன்பே 'ஷ்' என்று ஒரு முன்னோசை எட்டிப்பார்க்கும். சில மில்லிநொடிக்குள் என்றால் அடியின் சத்தமே அதை மறைத்துவிடும். 40, 50 மில்லிநொடி என்றால் மறைக்காது. சொற்கட்டின் விளிம்பு நைந்துவிடும். ஹெச்.இ.-ஏ.ஏ.சி.க்குக் குட்டை ஜன்னலுக்கு மாறும் வசதி உண்டு. 128 சாம்பிள், கிட்டத்தட்ட 6 மில்லிநொடி. ஆனால் அப்படி மாறினால் பிட் அதிகம் தேவை. 32-ல் அந்த பிட் இல்லை. நிதானமாக ஒலிக்கும் சர்வலகுவில் சமாளித்துவிடும். நாலாம் காலத்தில் ஃபரன் என்ற அதிவேகச் சொற்கட்டு வரும்போது ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின் மேல் கசிந்து 'தகதகதக' என்பது 'சரசரசர' ஆகும். ஓபஸ் இந்த இடத்தில் எளிதாக ஜெயிக்கிறது. தேவைக்கேற்ப பிட்ரேட்டை மாற்றும் வி.பி.ஆர். வைத்திருந்தால் அடி விழும் துண்டுக்குக் கூடுதல் பிட்டும் கொடுக்கும்.

நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்தால்? எல்லாக் கோடெக்கும் தோற்கும். நாதஸ்வரத்தின் மேற்சுரங்கள் தம்பூராவைவிட உரத்தவை, தவிலின் அடி மிருதங்கத்தைவிடக் கூர்மை, இரண்டும் ஒரே கணத்தில். அதற்கு 48-க்குக் கீழே போகாதீர்கள், 64 என்றால் நிம்மதி.

எந்தக் கோடெக் என்ற சர்ச்சையைவிட ஒலியை அதிகம் மாற்றுவது மோனோ. சபா அனுமதியோடு மிக்ஸரிலிருந்து எடுத்த பதிவுகள் பலவும் பேருக்குத்தான் ஸ்டீரியோ. ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து, இரண்டு சேனலையும் தனித்தனி மோனோவாகப் பிரித்து, ஒன்றை மட்டும் இன்வெர்ட் செய்து, இரண்டையும் கலந்து பாருங்கள். மௌனமோ, மிக மெல்லிய மிச்சமோ மட்டும் வந்தால் அது மோனோதான். ஒரு சேனலாக என்கோட் செய்தால் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. மேடையில் இரண்டு மைக்கைத் தள்ளித்தள்ளி வைத்து எடுத்த பதிவு என்றால் கலக்காதீர்கள். தூர வித்தியாசத்தால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போலாகும். இருப்பதில் நல்ல சேனல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரைச்சலும் பிட் தின்னும். ஏ.சி., மின்விசிறி, ஆம்ப்ளிஃபையர் இரைச்சல் எல்லாம் கோடெக்கின் கண்ணுக்கு இசைதான். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் மேடை அதிர்வு போகும், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பிக்குச் சேதம் இல்லை. இரைச்சல் நீக்கியை 6 டெசிபலுக்கு மேல் இழுக்க வேண்டாம். அதிகம் இழுத்தால் அதுவே தண்ணீருக்குள் மணி கிலுக்கியது போன்ற சத்தத்தை விட்டுச்செல்லும். பிறகு கோடெக்கின் பிழை எது, இரைச்சல் நீக்கியின் பிழை எது என்று பிரிக்க முடியாது. உச்ச அளவை 3 டெசிபல் குறைத்து வையுங்கள். குறைந்த பிட்ரேட்டில் டிகோட் ஆகி வரும் அலை மூலத்தைவிட உயரமாக எழும்பும்; இடம் விடாவிட்டால் சாப்பு ஒவ்வொன்றும் கிளிப் ஆகி, அதாவது உச்சி வெட்டுப்பட்டு, பழி கோடெக்கின் மேல் விழும்.

மூலம் தரம் இழக்காத வேவ் அல்லது ஃபிளாக் ஃபைலாக இருக்க வேண்டும். ஏற்கெனவே எம்.பி.3 ஆக இருந்ததைத் திரும்பவும் சுருக்கி ஒப்பிடுவது, பிழிந்த சக்கையை இன்னொரு முறை பிழிந்து எந்த மிஷின் நல்லது என்று கேட்பது போல.

சோதனையில் அதிகம் பேர் சறுக்கும் இடம் இன்னொன்று. பத்து நொடித் துணுக்கை வெட்டி அதை மட்டும் என்கோட் செய்கிறார்கள். வி.பி.ஆர். வைத்தால் அந்தத் துணுக்குக்கு 40 விழுந்ததா 28 விழுந்ததா என்பதே தெரியாமல் ஒப்பிடுவார்கள். முழுக் கச்சேரியையும் என்கோட் செய்து, ஃபைல் அளவுகள் உண்மையிலேயே சமமா என்று பார்த்து, வேவாக டிகோட் செய்து, அதன் பிறகு துணுக்கை வெட்டுங்கள். ஒவ்வொரு கோடெக்கும் தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் சேர்க்கும். ஓபஸுக்கு வழக்கமாக 6.5 மில்லிநொடி, ஹெச்.இ.-ஏ.ஏ.சி.க்கு அதைவிட நிறைய. சாம்பிள் கணக்கில் வரிசைப்படுத்தாவிட்டால் மாற்றிக் கேட்கும் கணத்தில் ஒரு துள்ளல் வந்து எது எது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மூலத்தையும் சுருக்கியதையும் பிரித்தறிய முடிகிறதா என்று பார்க்கும் ஏ.பி.எக்ஸ். சோதனை இங்கே வீண். 16-க்கு 12 சரியாகச் சொன்னால் குருட்டாம்போக்கில் வந்திருக்க 4 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புதான் என்பதெல்லாம் சரி. ஆனால் 32-ல் வித்தியாசம் யாருக்கும் கேட்கும். எது குறைவாக உறுத்துகிறது என்பதல்லவா கேள்வி. அதற்கு முஷ்ரா முறைதான் சரி. பத்து நொடித் துணுக்கு, மூலம் மறைவாக ஒரு முறை, ஒப்பிடக் கீழ் எல்லையாக 3.5 கிலோஹெர்ட்ஸில் வெட்டிய மட்டமான நங்கூரம் ஒன்று, நடுவே கோடெக்குகள். எல்லாவற்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண். மறைந்திருக்கும் மூலத்துக்கே 70 போடுகிறவரின் தாளை ஓரமாக வைத்துவிடலாம். வயர் ஹெட்போன் கட்டாயம். புளூடூத் போட்டால் அது இன்னொரு முறை சுருக்கும். பறக்கும் ரயிலிலோ அண்ணா சாலை பஸ்ஸிலோ கேட்டுச் சோதித்தால் எல்லாமே 100 வாங்கும்.

என் தீர்ப்பு: 32 மோனோவில் கச்சேரிக்கு ஓபஸ். தனி ஆவர்த்தனமே இல்லாத விருத்தம், நீண்ட ஆலாபனை என்றால் ஹெச்.இ.-ஏ.ஏ.சி. ஒரு மாற்று முன்னால். 24-க்கும் கீழே இசை என்றால் ஹெச்.இ.-ஏ.ஏ.சி. பக்கம்தான் சாய்வேன். வார்பிஸ் நல்ல கோடெக், ஆனால் இந்த பிட்ரேட்டில் அதற்கு வேலை இல்லை. 32-ல் எம்.பி.3 என்றால் குரல் மட்டும் தேறும். ஹெச்.இ.-ஏ.ஏ.சி.யின் அடுத்த தலைமுறையான எக்ஸ்.ஹெச்.இ.-ஏ.ஏ.சி. 16-லும் தாக்குப்பிடிக்கிறது, ஆண்ட்ராய்டு 9, ஐ.ஓ.எஸ். 13 முதல் பாடவும் செய்யும். கைக்கெட்டும் நல்ல என்கோடர்தான் குறைவு.

அமைப்புகளில் இரண்டு பள்ளங்கள். ஓபஸில் பயன்பாட்டு வகையை 'வாய்ப்' (VoIP, இணையப் பேச்சு) என்று வைத்தால் குரலுக்கான சில்க் என்ற பகுதியின் பக்கம் சாயும், கூடவே அடி அதிர்வெண்களையும் கொஞ்சம் வெட்டும். தொப்பியின் கனம் போய்விடும். 'ஆடியோ' என்றே வையுங்கள். எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச மென்பொருளோடு வரும் சொந்த ஏ.ஏ.சி. என்கோடருக்கு ஹெச்.இ. வகை தெரியாது, சாதா ஏ.ஏ.சி.யைத்தான் தரும். அதைக் கேட்டுவிட்டு 32-ல் ஏ.ஏ.சி. மோசம் என்று எழுதியவர்கள் உண்டு. எஃப்.டி.கே. என்ற ஏ.ஏ.சி. நிரல் நூலகம் சேர்த்த பதிப்பு வேண்டும். உரிமச் சிக்கலால் அது ஆயத்தப் பொதிகளில் வழக்கமாக இருக்காது, மூல நிரலிலிருந்து நாமே கட்ட வேண்டும். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிளின் என்கோடர் கூடவே வருகிறது.

உபன்யாசம், பட்டிமன்றம் மாதிரிப் பேச்சுக்கு 16 மோனோ ஓபஸ் தாராளம். கவனிக்க வேண்டியது ழகரம் இல்லை. அதன் அடையாளம் 3 கிலோஹெர்ட்ஸுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் பழைய போன் லைனிலும் தப்பிக்கும். மாட்டிக்கொள்வது ஸகரமும் ஃபகரமும். அவற்றின் வேறுபாடு 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. 'ஸீஸன்' 'ஃபீஸன்' ஆகிவிட்டால் அலைவரிசை 4-ல் நின்றுவிட்டது என்று அர்த்தம். பிட்ரேட்டை ஒரு படி ஏற்றுங்கள்.

கடைசியாக, யாராவது "நீங்க அனுப்பினது கம்பளிக்குள்ள பாடுற மாதிரி இருக்கு" என்றால் உடனே பிட்ரேட்டை மாற்றக் கிளம்ப வேண்டாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய யு.எஸ்.பி. ஸ்பீக்கர், பழைய கார் ஸ்டீரியோ போன்றவற்றில் சில, சாதா ஏ.ஏ.சி.யைப் பாடும், எஸ்.பி.ஆர். என்றால் தெரியாது. ஹெச்.இ.-ஏ.ஏ.சி. ஃபைலைக் கொடுத்தால் பிழை காட்டாமல் கீழ்ப் பாதியை மட்டும் பாடிவிட்டுப் போகும். அதே ஃபைலை போனில் வி.எல்.சி.யில் போட்டு மேல் பாதி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் குற்றவாளி ஸ்பீக்கர்தான். அந்த வீட்டுக்கு மட்டும் 64 மோனோ எம்.பி.3 தனியாக எடுத்துக் கொடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு 86 எம்.பி. ஆகும்.