கொல்லிமலை கேம்ப்: வேன்காரரும் சாமைச் சோறும் எங்கள் தலைவனும்

மலையிலிருந்து இறங்கிய பிறகும் அந்த வேன்காரர் மேல் கோபம் ஆறவில்லை. வாடகை பேசி முடித்துத்தான் ஏறினோம். காரவள்ளி அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "மலை ஏத்தத்துக்குத் தனியா ஆளுக்கு அம்பது ரூபா" என்றார். பகல் கொள்ளை! என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாம் நிதி அரிசி பருப்புக்கே இழுபறி.

எங்கள் மாணவத் தலைவன் முதலாமாண்டில் மேடையேறினாலே கை நடுங்கியவன். "அண்ணே, பேசுனத தர்றோம். கட்டுப்படியாகலன்னா இங்கயே இறங்கிக்கிறோம், மலை மேல செம்மேட்டுக்குப் போற பஸ் வரும்" என்றான். குரலை உயர்த்தவேயில்லை. அவன் சொல்லி முடிப்பதற்குள் பசங்க அரிசி மூட்டையை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். பேசிய வாடகைக்கே எங்களை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பிவிட்டது. ஹாஸ்டலில் ஒரே தட்டில் சாப்பிட்டுப் பழகியவர்கள் பின்னால் நின்றதால்தான் அவன் பேச்சு எடுபட்டது.

70 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி எடுத்தவர்களுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துக்கொண்டே வந்தவனும் அவன்தான்.

பள்ளிக்கூடத்தில் தங்கல். முதல் நாள் விழிப்புணர்வுப் பேரணி என்று நிரலில் இருந்தது. ஊர்ப் பெரியவர்களிடம் பேசிவிட்டு வந்தவன், "பேரணி வேணாம்டா, முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதத்தான் ஆள் கேக்குறாங்க" என்றான். திட்ட அலுவலரும் சரி என்றார். திண்ணை திண்ணையாக உட்கார்ந்து எழுதினோம். 1969இல், காந்தி நூற்றாண்டில், தொடங்கிய திட்டம் என்.எஸ்.எஸ். 'எனக்காக அல்ல, உனக்காக' என்பதுதான் அதன் முழக்கம். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை செய்தால் சான்றிதழ். மணிக்கணக்குக்காக மட்டும் வருகிறவர்கள் தயவுசெய்து வராதீர்கள், சாப்பாடாவது மிஞ்சும்.

சாப்பாடு! மனு எழுதிக் கொடுத்த பாட்டி ஒருவர் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். மலை மிளகு தட்டிப்போட்ட ரசம் வேறு. இந்தப் பயணத்தில் இதற்கு ஈடாக எதையும் சாப்பிடவில்லை. மரவள்ளி வந்த பிறகு சாமை போடுவது குறைந்துவிட்டதாம். அப்படிப்பட்ட சாமையை எங்களுக்காக எடுத்து வைத்திருந்தார். தலைவன் கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தான், குழம்பு தீர்ந்திருந்தது. ஆளாளுக்குத் தங்கள் தட்டிலிருந்து அள்ளி வைத்தார்கள்.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். குளித்துவிட்டு, வழியெல்லாம் கிடந்த பாட்டில்களைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டே ஏறினோம். தொடை இன்னும் வலிக்கிறது. இந்த அழகான அருவிக்கு வந்து பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் வராமலே இருக்கலாம். 'ஏன் நாம பொறுக்கணும்?' என்று முணுமுணுத்த முதலாமாண்டுப் பையன்தான் மேலே வரும்போது பெரிய சாக்கைச் சுமந்தான். அடுத்த தலைவன் அவன்தான் என்று இப்போதே சொல்கிறேன்.

போகிறவர்களுக்கு: வேன் பேசாதீர்கள். நாமக்கல்லிலிருந்து செம்மேட்டுக்கு அரசுப் பஸ் ஓடுகிறது. இறங்கியதும் வல்வில் ஓரி சிலையைப் பாருங்கள். மிச்சமாகும் காசுக்கு மிளகு வாங்குங்கள், விலையை நாலு கடையில் கேட்டுவிட்டு.